பால்மர விறகை பெஸாவில் ஏற்றலாமா? எவ்வளவு, எப்படி?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாடாங் செராயில் உங்கள் மாமா வீட்டுக்குப் பின்னால் நின்ற கிழட்டுப் பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, தீபாவளி முடிந்த கையோடு வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் அன்னதானச் சமையலுக்கு அரை டன் விறகு வேண்டும் என்கிறார் சமையல்காரர். உங்களிடம் இருப்பது ஒரு பெஸா கார், உங்கள் தம்பியிடம் ஒரு மைவி கார். இரண்டிலும் அடைத்துக்கொண்டு ஒரே நடையில் பாலம் தாண்டி ஆயர் ஈத்தாம் வந்துவிடலாமா, காருக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே நடையில் வராது. விறகு காய்ந்திருந்தால் மூன்று கார் சுமை, பச்சையாக இருந்தால் நான்கு. அதனால் இன்றைக்கே காரை எடுக்காதீர்கள். முதலில் மரத்தைப் பிளந்து, மாமா வீட்டிலேயே காயப் போடுங்கள்.

பட்டறையில் பின் ஸ்பிரிங் உட்கார்ந்துபோன கார்கள் வரும்போது, 'என்ன ஏத்துனீங்க?' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 'பூட் நிறையக்கூட இல்லண்ணே.' சிமெண்ட், டைல்ஸ், விறகு மூன்றுக்கும் இதே கதைதான். பூட்டில், அதாவது காரின் பின்பக்கச் சாமான் அறையில், இடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். பயணப் பெட்டிக்கும் பசார் சாமானுக்கும் அந்தக் கணக்கு சரி. மரத்துக்குச் சரிவராது.

பால்மரக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளம். வெட்டிய புதிதில் பால்மரம் கனமீட்டருக்கு ஏறக்குறைய 850 கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் இந்த ஒரு கட்டையே 60 கிலோ. ஒரு பெரிய ஆளின் எடை. இப்படி நாலு கட்டை பூட்டில் படுத்துவிட்டால், நாலு பேரைப் பூட்டில் உட்கார வைத்தது மாதிரி ஆகிவிடும்.

பெஸாவின் பூட் 508 லிட்டர். துண்டு போட்ட விறகை நன்றாக அடுக்கினாலும் இடையில் சந்து விழும், இடத்தில் அறுபது விழுக்காடுதான் மரம். அப்படிப் பார்த்தாலும் பூட் நிறையப் பச்சைப் பால்மரம் என்றால் கிட்டத்தட்ட 250 கிலோ. ஐந்து பேர் உட்காரும் சின்னக் கார்களை ஆளுக்கு 75 கிலோ என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள், ஆக 375 கிலோ. அதில் ஓட்டுநரும் அடக்கம். நீங்களும் தம்பியும் முன்னால் உட்கார்ந்தால் 150 போய்விடும். மிச்சம் 225. பூட்டை நிரப்பினாலே அதைத் தாண்டிவிடுகிறது.

மொத்த எடையைவிட எனக்குக் கவலை அந்த எடை எங்கே உட்கார்கிறது என்பதில். பூட் இருப்பது பின் சக்கரங்களுக்கும் பின்னால். பெஸாவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,455 மில்லிமீட்டர். 250 கிலோவைப் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் வைத்தால், பின் சக்கரங்களில் 250 அல்ல, சுமார் 300 கிலோ ஏறும். அந்தக் கூடுதல் 50 கிலோ முன் சக்கரங்களிலிருந்து போகிறது, முன்பக்கம் அந்த அளவுக்குத் தூக்கப்படுகிறது. பெஸா, மைவி, அக்சியா, சாகா எல்லாமே முன் சக்கரம் இழுக்கும் கார்கள். திருப்புவதும் இழுப்பதும் முன் சக்கரம்தான், பிரேக்கில் பெரும்பங்கும் அதனுடையதுதான். அதைத் தூக்கிவிட்டால் ஸ்டியரிங் லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். சிலர் 'ஓட்ட நல்லாத்தானே இருக்கு' என்று நினைப்பார்கள். மழை பெய்த சாலையில் ஒரு வளைவு வந்தால்தான் அது எதைக் காட்டியது என்று தெரியும்.

ஏற்றும்போது ஒன்று செய்யுங்கள். காலி காரில் பின் டயருக்கும் மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். ஐம்பது கிலோ ஏற்றியதும் மறுபடி பாருங்கள், அப்புறம் இன்னொரு ஐம்பதுக்குப் பிறகு. இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் எடை ஏற்றியும் குறையாமல் நின்றுவிடும். ஸ்பிரிங் முடிந்து, உள்ளே இருக்கும் ரப்பர் முட்டில் கார் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி நேராக உடம்புக்கும் அப்சார்பருக்கும் போகும். அந்த நிலைக்கு வரவே கூடாது. விரல் இடைவெளி பாதியானதுமே நிறுத்திவிடுவது என் வழக்கம்.

'ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் மாட்டிவிட்டால் ஏற்றலாமே' என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. அது காரை உயரமாக நிற்க வைக்கும், அவ்வளவுதான். பிரேக் அதேதான், பேரிங் அதேதான், அச்சு அதேதான், டயரும் அதேதான். பின்பக்கம் தாழ்வது ஓட்டுபவருக்குக் கிடைக்கிற ஒரே எச்சரிக்கை. பஃபர் அதையும் மறைத்துவிடுகிறது. நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

இப்போது காய வைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வேலையைக் குறைக்கப் போவது இதுதான். புதிதாக வெட்டிய பால்மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ பச்சை விறகு நம் ஊர்க் காற்றில் நன்றாகக் காய்ந்தால் ஏறத்தாழ 70 கிலோ. அரை டன் காய்ந்த விறகு வேண்டும் என்றால் 700 கிலோ பச்சை மரம் வேண்டும். இப்போதே ஏற்றினால் 200 கிலோ தண்ணீரைக் கெடாவிலிருந்து பினாங்குக்குப் பாலம் கட்டணம் கட்டிக் கொண்டுவருகிறீர்கள். வந்த பிறகு அந்தத் தண்ணீர் அடுப்பில் புகையாகி, சமையல்காரர் கண்ணைக் கரிக்கும். பந்தலில் வரிசையில் நிற்பவர்களுக்கும் அதே கதி.

உங்களுக்குக் காலமும் சாதகமாக இருக்கிறது. வடக்கே டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வறண்ட நாட்கள். இந்த வாரமே மரத்தை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து, முன்கை பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். ஈரம் பட்டை வழியாக அவ்வளவு சுலபமாக வெளியேறாது. அறுத்த முகம் வழியாகவும் பிளந்த பக்கம் வழியாகவும்தான் போகும். முழு உருட்டாகப் போட்டு வைத்தால் தைப்பூசம் வந்தாலும் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். இரண்டு கம்பைத் தரையில் போட்டு, அதன்மேல் அடுக்குங்கள், மண் படக் கூடாது. காற்று அடிக்கிற பக்கம் பார்த்து அறுத்த முகம் இருக்கட்டும். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள். நாலு பக்கமும் மூடிக் கட்டிவிட்டால் உள்ளே பூஞ்சணம்தான் வளரும். பால்மரத்தில் அது சீக்கிரம் பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பலர் இரண்டு கட்டையைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் இன்னும் நம்பகமான வழி தராசு. ஒரு கட்டையில் பெயிண்டால் குறி போட்டு, வாரம் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. வீட்டில் ஆள் ஏறி நிற்கிற தராசே போதும், கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். சின்னக் கட்டையாக இருந்தால் எண்ணிக்கை வைத்துக்கொண்டு ஐந்தாறை ஒன்றாக நிறுப்பது நல்லது.

பால்மரம் சமையலுக்கு நல்ல விறகு, அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், லயத்து அடுப்பு முழுக்க அதில்தான் எரிந்தது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைத்ததும் பால்மர விறகில்தான். நாற்காலி மேசை செய்யும் ஆலைகளில் வெட்டுத் துண்டு இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் வாங்காதீர்கள். பால்மரத்தைப் பூச்சி அரிக்கும் என்பதால் ஆலைக்குப் போகும் பலகையைப் போரான் மருந்தில் ஊற வைப்பார்கள், அப்புறம் பசையும் வார்னிஷும் சேரும். அன்னதான அடுப்புக்கு அது வேண்டவே வேண்டாம். சரக்கு அடுக்குகிற பழைய பலட் கட்டையும் அப்படித்தான், 'எம்.பி.' முத்திரை குத்தியிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது என்று பொருள்.

பாக்காவ் மரம், அதாவது சதுப்புக் கரையில் நிற்கிற மரம், விறகுக்கு இன்னும் உயர்ந்தது என்று யாராவது ஆசை காட்டலாம். உண்மைதான், கோல செப்பெத்தாங் கரிச்சூளைகளில் எரிப்பது அதைத்தான். ஆனால் பச்சையாக இருக்கும்போது தண்ணீரில் மூழ்குகிற அளவுக்குக் கனம். ஒரே பருமனில் பால்மரத்தைவிட எவ்வளவோ பாரம். தவிர, 1984-ம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி அரசு நிலத்திலிருந்தும் காப்புக் காட்டிலிருந்தும் உரிமமில்லாமல் மரம் எடுக்கக் கூடாது, விறகும் அதில் சேரும். மாமாவின் சொந்த நிலத்து மரம் கையில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு.

சரி, ஏற்றுகிற நாளுக்கு வருவோம். அரிசிச் சாக்கு சேர்த்து வையுங்கள். காய்ந்த விறகை ஒரு சாக்குக்கு 20 கிலோ என்று நிறுத்துக் கட்டுங்கள். சாக்கு மூன்று வேலை செய்கிறது. எடை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். பட்டை, எறும்பு, பூரான் காருக்குள் சிந்தாது. எல்லாவற்றுக்கும் மேல், பிரேக் அடித்தால் தனித்தனிக் கட்டை பறந்து வராது.

இந்தப் பறப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கார் எதிலாவது மோதும் அந்தக் கணத்தில் உள்ளே கட்டாமல் கிடக்கிற பொருள் தன் எடையைப்போல் 20 மடங்கு விசையோடு முன்னால் வரும் என்று வைத்துக்கொண்டால், 7 கிலோ விறகுக் கட்டை 140 கிலோ அடியாகிறது. பின் சீட் முதுகு தாங்கிக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது. ஐ.நா.வின் 17-ஆம் எண் வாகன விதியில் பின் சீட் முதுகைச் சோதிப்பதற்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வைக்கிற சுமை தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டி. மொத்தம் 36 கிலோ. நீங்கள் அதற்குப் பின்னால் அதைப்போல் மூன்று மடங்கு விறகு வைக்கப் போகிறீர்கள். அதனால் விறகு ஏற்றிய காரில் பின் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. பிள்ளைகள் 'நாங்களும் வர்றோம்' என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பெஸாவில் முதல் சாக்குகளைப் பின் சீட்டுக்காரர் கால் வைக்கிற பள்ளத்தில் வையுங்கள். காரிலேயே மிகத் தாழ்வான இடம் அது. இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பதால் எடை முன்னும் பின்னும் பிரிந்துகொள்ளும், முன் சீட்டின் அடிப்பகுதி தடுத்துப் பிடிக்கும். அங்கே நாலு சாக்கு போகும். மிச்சம் ஐந்து சாக்கைப் பூட்டில், பின் சீட்டை ஒட்டி, ஒரே அடுக்காகப் படுக்க வையுங்கள். பூட்டின் வாசல் பக்கம் காலியாகவே இருக்கட்டும். மொத்தம் ஒன்பது சாக்கு, 180 கிலோ. பூட் பாதி காலியாகத் தெரியும், 'இன்னும் ரெண்டு போடலாமே' என்று மாமா கட்டாயம் சொல்வார். அன்பாக மறுத்துவிடுங்கள்.

மைவியில் பூட் 277 லிட்டர்தான், ஆனால் பின் சீட்டை மடக்கலாம். மடக்கிய பிறகு சீட் உயரத்துக்கு மேல் அடுக்காமல், முன் சீட்டை ஒட்டி வையுங்கள். கொக்கி இருந்தால் ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். சும்மா நைலான் கயிறு வழியிலேயே தளர்ந்துவிடும். இதிலும் அதே ஒன்பது சாக்கு. காருக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

நீளக் கட்டையை அப்படியே போட்டுக்கொண்டு பின் கதவைத் திறந்தபடி கட்டி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். திறந்த பின் கதவு வழியாகப் புகைக்குழாய்க் காற்று காருக்குள் சுழன்று வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையும், சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) நிறுத்தினால் உங்களிடம் பதில் இருக்காது. கூரைமேல் ஏற்றுவதும் வேண்டாம். சின்னக் கார்களின் கூரை விறகு தாங்குவதற்குச் செய்ததல்ல.

டயரைப் பற்றி. பெஸாவில் வருகிற 175/65 ஆர்14 டயரில் 82 என்று ஒரு எண் இருக்கும். ஒரு டயர் அதிகபட்சம் 475 கிலோ தாங்கும் என்பதற்கான குறி அது. போதுமானதாகத்தான் தெரியும். ஆனால் டயரில் முழுக் காற்று இருந்தால்தான் அந்த 475. காற்று குறைந்த டயர் சுமையோடு ஓடினால் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். பகல் வெயிலில் பாலத்தின் நடுவில் வெடித்தால் ஒதுங்குவதற்குக்கூட நல்ல இடம் கிடைக்காது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில், அல்லது கையேட்டில், முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருப்பார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அந்த அளவுக்கு அடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஐந்தாறு வருடம் பழகிய டயராக இருந்தால், பக்கத்தில் வெடிப்பு இருந்தால், அந்தக் காரில் விறகே ஏற்றாதீர்கள்.

ஓட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பட்டர்வொர்த்–கூலிம் சாலையிலும் சரி, 13.5 கிலோமீட்டர் பாலத்திலும் சரி, இடது தடத்தில் எண்பதைத் தாண்டாமல் வாருங்கள். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் நடுவில் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். முன்பக்கம் லேசான காரில் அது அதிகமாகத் தெரியும். இருட்டுவதற்குள் வந்துவிடுவது நல்லது. பின்பக்கம் தாழ்ந்தால் முன் விளக்கு மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். விளக்கைத் தாழ்த்துகிற குமிழ் உங்கள் காரில் இருந்தால் ஒரு படி இறக்கிவிடுங்கள்.

உங்கள் வழியில் மலைச்சாலை இல்லை, அது ஒரு நிம்மதி. பாலிக் பூலாவிலிருந்து டுரியான், ரம்புத்தான் விறகை ஏற்றிக்கொண்டு ஜாலான் துன் சார்டோன் வழியாகப் பாயா தெருபோங் பக்கம் இறங்குகிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். மலை உச்சியிலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடிமானத்தில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். சூடான பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காமல் வழுக்கும், பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும்.

கணக்கைப் பாருங்கள். காய்ந்த விறகு 500 கிலோ, ஒரு காருக்கு 180. முதல் நாள் இரண்டு காரும் சேர்ந்து 360, மறுபடி ஒரு காரில் மிச்சம் 140. மூன்று தடவை தீவுக்குள் வரப் பாலக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குமேல் பெட்ரோல், இரண்டு நாள் அலைச்சல். இதற்கு ஒரு டன் லோரியோ நாலு சக்கர பிக்கப்போ வாடகைக்குப் பேசினால் ஒரே நடையில் வேலை முடியும். பந்தலுக்கு மற்ற சாமானும் லோரியில் வருவதாக இருந்தால் அதிலேயே விறகையும் போடச் சொல்லுங்கள், என் மனசுக்கு அதுதான் சரி. லோரிக்காரரிடம் 'கொஞ்சம் விறகு' என்று சொல்லாமல், இருபத்தைந்து சாக்கு, அரை டன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். லோரிக் கதவில் வெறும் எடையும் சுமையோடு எடையும் பெயிண்டில் எழுதியிருக்கும், இரண்டையும் கழித்தால் எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பந்தல் குழுவில் இன்னொருவர் 'எனக்கும் ஏத்திட்டு வா, காசு தர்றேன்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தனியார் கார்க் காப்புறுதி வாடகைக்கு ஓட்டுவதற்கோ வியாபாரச் சரக்கு ஏற்றுவதற்கோ போட்டதல்ல. ஏதாவது நடந்தால் இழப்பீடு கேட்கும்போது அது முதலில் வந்து நிற்கும்.

இறக்கிய பிறகு விறகை வீட்டுக்குள் வைக்க வேண்டாம், பிரம்பு நாற்காலி பக்கத்திலும் வேண்டாம். காய்ந்த பால்மரத்தில் மாவு மாவாக உதிர்க்கிற வண்டு இருந்தால் அதற்கும் ஏறிவிடும். டயர் காற்றை ஸ்டிக்கரில் இருக்கிற சாதாரண அளவுக்குக் குறைத்துவிடுங்கள். முதலில் மாமாவிடம் சொல்லி ஐந்து பச்சைக் கட்டையை நிறுத்து, நீளமும் பருமனும் அளந்து அனுப்புங்கள். எத்தனை மரம் பிளந்தால் அரை டன் தேறும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.